லாரியில் வரும் வீடு

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே வந்தால், மறைமலை நகரைத் தாண்டியதும் சிங்கப்பெருமாள் கோவில். குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் எழுப்பிய நரசிம்மர் கோயில்தான் ஊருக்கே பெயர் கொடுத்தது. பாடலாத்ரி என்பது மலையின் பெயர். பாடலம் என்றால் சிவப்பு, அத்ரி என்றால் மலை. பாறையிலேயே கருவறை; கல்லை எங்கிருந்தும் கொண்டுவந்து அடுக்கவில்லை. இருந்த இடத்திலேயே செதுக்கி எடுத்த வீடு அது!

அந்தச் சிவப்பு மலைக்குப் பக்கத்திலேயே வலது கைப் பக்கம் ஒரு சாலை பிரிகிறது. ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலை. இங்கே நடப்பது நேர் எதிரான விஷயம். எதுவுமே இருந்த இடத்தில் உருவாவதில்லை. கதவு ஒரு கம்பெனி, கண்ணாடி ஒரு கம்பெனி, சீட் இன்னொரு கம்பெனி... எல்லாம் டிரெய்லர்களில் வந்து சேர்ந்து, அந்தக் கோடியில் கார்களாக வெளியே வருகின்றன. 2010-ல் ரெனோ-நிஸான், பிறகு பாரத்பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்டு பைக் என்று ஒரகடம் வட்டாரமே ஒரு பெரிய பொருத்துமேடை.

இந்தச் சாலையில் தினமும் ஷிஃப்டுக்குப் போய்வருகிற ஒருவருக்கு இயல்பாக ஒரு யோசனை வரும். ‘காரையே இப்படிப் பொருத்த முடிகிறது. வீட்டை ஏன் முடியாது? ஃபேக்டரியில் செய்து, லாரியில் ஏற்றி, கிரேனில் இறக்கி வைத்துவிட்டால் முடிந்ததே! கொத்தனார் வரவில்லை, மணல் கிடைக்கவில்லை, மேஸ்திரி போனை எடுக்கவில்லை என்ற தொல்லையெல்லாம் இருக்காதே!’

நியாயமான யோசனைதான். கடந்த இருநூறு வருடங்களாகப் பல பெரிய மனிதர்களுக்கும் பெரிய அரசாங்கங்களுக்கும் இதே யோசனை வந்திருக்கிறது. அவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். தொழில்நுட்பத்தில் சறுக்கியவர்கள் கொஞ்சம். கணக்கில் சறுக்கியவர்கள்தான் அதிகம்!

* * *

கதை லண்டனில் ஆரம்பிக்கிறது. 1830-ல் மேனிங் என்ற தச்சரின் மகன் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறக் கிளம்பினான். போய் இறங்குகிற இடத்தில் வீடும் இல்லை, கொத்தனாரும் இல்லை. பார்த்தார் அப்பா. மரத்தில் ஒரு வீட்டையே துண்டு துண்டாகச் செய்து, மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றிவிட்டார். எந்தத் துண்டும் ஓர் ஆள் தூக்க முடியாத கனம் இருக்கக் கூடாது என்பது அவர் வைத்த விதி. அங்கே போய் திருகாணியை முடுக்கினால் வீடு தயார்! இதையே பிறகு வியாபாரமாகவும் செய்தார் மேனிங்.

இந்த வியாபாரத்தைப் பிரமாண்டமாக்கியவர்கள் அமெரிக்கர்கள். அங்கே சியர்ஸ் ரோபக் என்று ஒரு கம்பெனி. தடிமனான கேட்டலாக் ஒன்றைத் தபாலில் அனுப்புவார்கள். கடிகாரம், தையல் மிஷின், கலப்பை... எதை வேண்டுமானாலும் அதைப் பார்த்து ஆர்டர் செய்யலாம். 1908-ல் அந்தப் பட்டியலில் வீடும் சேர்ந்துகொண்டது. பணம் கட்டினால், ரயிலில் வந்து இறங்கும். மரம், ஜன்னல், கதவு, ஆணி, பெயின்ட் எல்லாம் அடக்கம். எதை எங்கே பொருத்துவது என்று கையேடு. 1940 வரை எழுபதாயிரத்துக்கு மேல் விற்றார்கள் என்பது பொதுவான கணக்கு. இன்றும் அமெரிக்காவில் பல சியர்ஸ் வீடுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள். அந்த அளவுக்குத் தரம்.

சரி, இதில் என்ன சிக்கல்?

கேட்டலாக்கில் வீட்டின் படத்துக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு விலை இருக்கும். அந்த விலையில் மனை கிடையாது. அஸ்திவாரம் தோண்டும் கூலி கிடையாது. செங்கல், சிமென்ட், பூச்சு வேலை கிடையாது. பொருத்தும் ஆட்களின் சம்பளமும் கிடையாது. சியர்ஸ் இதை மறைக்கவில்லை, எழுதித்தான் இருந்தது. ஆனால், மனித சுபாவம் என்ன? பெரிய எழுத்தைப் படிப்போம், சின்ன எழுத்தைத் தாண்டிப் போய்விடுவோம்.

கூடுதல் செலவுக்கு எங்கே போவது என்று வாடிக்கையாளர்கள் தலையைச் சொறிந்தார்கள். சியர்ஸே 1911 முதல் கடன் கொடுக்கத் தொடங்கியது. வியாபாரம் சூடுபிடித்தது. 1929-ல் பங்குச் சந்தை சரிந்து, பெரும் பொருளாதார மந்தம் வந்தது. வேலை போனது, தவணை நின்றது. பொருள் விற்ற கம்பெனியே தன் வாடிக்கையாளர்களின் வீட்டை ஜப்தி செய்ய வேண்டிய நிலை! கடன் கொடுப்பதை 1933-ல் நிறுத்திவிட்டது சியர்ஸ். 1934-ல் ஒரு கோடியே பத்து லட்சம் டாலர் அளவுக்கு வீட்டுக் கடன்களைக் கணக்குத் தீர்த்தது. பெயரும் கெட்டது, பணமும் போனது.

இங்கே ஒரு சுவாரஸ்யமான பொருத்தம் உண்டு. சியர்ஸ் வீடு வந்த அதே 1908-ல்தான் ஹென்றி ஃபோர்டின் ‘மாடல் டி’ காரும் வந்தது. 850 டாலரில் ஆரம்பித்த அந்தக் காரின் விலை, 1920-களில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. வீட்டின் விலை மட்டும் ஏன் அப்படி இறங்கவில்லை? ஏனென்றால், கார் ஃபேக்டரி கேட்டைத் தாண்டும்போதே முழுசாக முடிந்துவிட்டது. அது ஓடுவதற்கான ரோட்டை அரசாங்கம் போட்டுக்கொடுத்தது. வீடு அப்படியில்லை. அது கேட்டைத் தாண்டும்போது பாதி வீடுதான். மீதிப் பாதி, அது போய் உட்காரப் போகிற மண்ணில் இருக்கிறது.

* * *

இரண்டாம் உலகப் போர். ஜெர்மன் குண்டுகள் லண்டனைச் சல்லடையாக்கிவிட்டன. 1944 மார்ச்சில் ரேடியோவில் பேசினார் சர்ச்சில். தொழிற்சாலையில் தயாராகும் தற்காலிக வீடுகள் ஐந்து லட்சம் வரை கட்டித் தரப்போவதாக நம்பிக்கை கொடுத்தார். அந்த வருடமே சட்டம் வந்தது. 15 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள்.

போர் முடிந்ததும் விமானத் தொழிற்சாலைகளுக்கு வேலை இல்லை. ‘இறக்கை செய்த கையால் சுவர் செய்யுங்கள்’ என்று அவற்றைத் திருப்பிவிட்டார்கள். அலுமினிய வீடு ஒன்று நான்கு துண்டாக லாரியில் வந்து இறங்கும். உள்ளே ஃபிரிட்ஜ், வெந்நீர், சமையலறை அலமாரி எல்லாம் பொருத்தியே வரும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் தொழிலாளி வீட்டில் ஃபிரிட்ஜ் என்பது கனவு! பெண்கள் சொக்கிப் போனார்கள்.

ஆனால், பில் வந்தபோது கருவூலம் சொக்கிப் போனது. அலுமினிய வீடு ஒன்றின் அடக்கம் 1,600 பவுண்டைத் தாண்டியது. பத்துப் பதினைந்து வருடம் மட்டுமே நிற்க வேண்டிய தற்காலிக வீட்டுக்கு, காலத்துக்கும் நிற்கும் செங்கல் வீட்டின் விலை! 1949-ல் திட்டம் முடிந்தபோது கட்டியிருந்தவை 1,56,623. சர்ச்சில் சொன்ன ஐந்து லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் அவற்றை நேசித்தார்கள். பதினைந்து வருடம் என்று சொன்னவை ஐம்பது, அறுபது வருடம் நின்றன. லண்டன் கேட்ஃபோர்டில் இருந்த அப்படியொரு குடியிருப்பில் ஆறு வீடுகளை 2009-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாகவே அறிவித்தார்கள். குறை வீட்டிலே இல்லை, விலை போட்ட விதத்திலே இருந்தது. அங்கே மிச்சத்தை அரசாங்கம் கட்டியதால் குடியிருந்தவருக்கு அடி விழவில்லை.

அமெரிக்காவில் அதே சமயம் கார்ல் ஸ்ட்ராண்ட்லண்ட் என்று ஒருவர் கிளம்பினார். ‘லஸ்ட்ரான்’ என்று இரும்பு வீடு. எனாமல் பூசிய தகட்டில் சுவர், கூரை எல்லாம். பெயின்ட் வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். சுவரில் ஆணி அடிக்க முடியாது, படம் மாட்டுவதற்குக் காந்தம்தான்! ஓஹையோ மாநிலத்தில் பழைய விமானத் தொழிற்சாலையைப் பிடித்தார். அரசாங்கம் கொடுத்த கடன் மட்டும் மூன்றே முக்கால் கோடி டாலர்.

ஏழாயிரம் டாலரில் வீடு என்று கிளம்பியவர், 1949 கடைசியில் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டார். அதுவும் மனை, அஸ்திவாரம், சாக்கடை இணைப்பு எல்லாம் நீங்கலாக! இன்னொரு முட்டுக்கட்டை, யாரும் யோசிக்காத இடத்திலிருந்து வந்தது. வங்கிகள் வீட்டுக் கடனைக் கட்டம் கட்டமாகத்தான் கொடுக்கும். அஸ்திவாரம் போட்டதும் கொஞ்சம், சுவர் எழும்பியதும் கொஞ்சம். லஸ்ட்ரான் வீடோ மொத்தமாக லாரியில் வந்து நிற்கும். மொத்தப் பணத்தையும் அப்போதே எண்ணி வைக்க வேண்டும். ‘இன்னும் தரையில் நிற்காத வீட்டுக்கு நாங்கள் எப்படிக் கடன் தருவது?’ என்றன வங்கிகள். சுமார் 2,500 வீடுகளோடு 1950-ல் கம்பெனி மூழ்கியது. கடன் கொடுத்த அரசாங்கத்துக்குப் பட்டை நாமம்.

* * *

நம் நாடு மட்டும் சும்மா இருந்ததா?

1947 பிரிவினை. லட்சக்கணக்கான அகதிகள் டெல்லியில் கூடாரங்களில் கிடந்தார்கள். நேருவுக்கு நவீன தொழில்நுட்பத்தில் இருந்த ஈர்ப்பு ஊரறிந்தது. 1948-ல் டெல்லி ஜங்க்புராவில் அரசு வீட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கும் முடிவு வந்தது. வீடமைப்புக்குப் பொறுப்பேற்றவர் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர். பெர்லினில் பிறந்த யூதர். ஹிட்லருக்குத் தப்பி வந்து, மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தவர். புவனேஸ்வர் நகரத்துக்கு வரைபடம் போட்டவரும் இவர்தான். கெட்டிக்காரர்.

காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட்டில் சுவர்ப் பலகைகள் வார்த்து, கொண்டுபோய்ப் பொருத்துவது திட்டம். காகிதத்தில் அழகாக இருந்தது. நிஜத்தில் பலகைகள் விரிசல் விட்டன. தொழிற்சாலை கிளப்பிவிட்ட எதிர்பார்ப்புக்கும் கொடுத்த வீடுகளுக்கும் சம்பந்தமே இல்லை. நாடாளுமன்றத்தில் கேள்வி மேல் கேள்வி. 1951-ல் கோனிக்ஸ்பெர்கர் லண்டனுக்குப் போய்விட்டார். அங்கே வெப்ப மண்டல நாடுகளுக்கு ஏற்ற கட்டடக் கலையைச் சொல்லித்தரும் பெரிய ஆசானாகப் பெயரெடுத்தது தனிக்கதை.

தொழிற்சாலை என்ன ஆயிற்று? பிற்பாடு ‘ஹிந்துஸ்தான் ஹவுஸிங் ஃபேக்டரி’யாகி, 1978-ல் ‘ஹிந்துஸ்தான் ப்ரீஃபேப்’ ஆனது. மின்கம்பம், ரயில் பாதைக்கான கான்கிரீட் ஸ்லீப்பர் என்று செய்து பிழைத்துக்கொண்டது. கவனியுங்கள்... மின்கம்பமும் ஸ்லீப்பரும் ஃபேக்டரியிலிருந்து முழுசாக வெளியே வருகிற சரக்குகள். வீடு அப்படி வருவதில்லை!

* * *

இந்த வரலாற்றில் நமக்கு மிக நெருக்கமான அத்தியாயம் யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்டது.

2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தது. வடக்கிலும் கிழக்கிலும் வீடு இழந்தவர்கள் ஒரு லட்சம் குடும்பங்களுக்கு மேல். இந்தியா ஐம்பதாயிரம் வீடுகள் கட்டித்தர முன்வந்தது. வடக்கு, கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய். பணத்தைத் தவணை தவணையாக உரியவர் கையிலேயே கொடுத்து, அவரே நின்று கட்டிக்கொள்ளும் முறை. நல்ல முறைதான். ஆனால், கட்டி முடிக்கும்போது பலருக்குப் பணம் பற்றவில்லை. போருக்குப் பின் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு கட்டினால் மணல், சிமென்ட், கூலி எல்லாம் ஏறாமல் இருக்குமா? மிச்சத்துக்குக் கடன் வாங்கினார்கள், நகையை அடகு வைத்தார்கள். மானியத் தொகை வேறு, வீட்டின் முழுச் செலவு வேறு என்பதைத் தாலிக்கொடியை வைத்துத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

2015-ல் ஆட்சி மாறியது. மீள்குடியேற்ற அமைச்சு புதிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 65,000 இரும்பு வீடுகள். உலகின் மிகப் பெரிய உருக்கு கம்பெனிகளில் ஒன்றான ஆர்செலார்மிட்டல் செய்து தரும். ஈழத்துத் தமிழில் அதற்கு விழுந்த பெயர் அருமையானது... ‘பொருத்து வீடு.’ ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 லட்சம் இலங்கை ரூபாய். சோலார், ஃபர்னிச்சர், டி.வி. எல்லாம் உண்டு என்றார்கள்.

பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சுமந்திரன் போன்ற தமிழ் எம்.பி.க்கள், வடக்கு முதலமைச்சராக இருந்த விக்னேஸ்வரன், மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் எனப் பலரும் கேள்வி கேட்டார்கள். அவர்கள் கேட்டவை எல்லாமே கணக்குக் கேள்விகள் என்பதுதான் முக்கியம்.

சுமார் பத்து லட்சத்தில் கல்வீடு கட்ட முடியும்போது, எதற்காக இரண்டு மடங்கு? அதே பணத்தில் 65,000-க்குப் பதிலாக 1,30,000 குடும்பங்களுக்கு வீடு கிடைக்குமே? யாழ்ப்பாணத்து வெயிலில் தகட்டு வீட்டுக்குள் எப்படி இருப்பது? உப்புக் காற்றில் துரு ஏறினால் எந்தக் கடையில் மாற்றுத் தகடு வாங்குவது? மகளுக்குக் கல்யாணமானால் ஓர் அறை கூட்டிக் கட்டுவது எப்படி? உள்ளூர்க் கொத்தனாருக்கும் கல் அறுப்பவருக்கும் போக வேண்டிய கூலி யார் பைக்குப் போகிறது?

இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பொருத்து வீடு வேண்டும் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர்களும் பல்லாயிரம் பேர். வருடக்கணக்காகத் தகரக் கொட்டகையில் கிடந்தவர்கள். ‘21 லட்சம் யாருடைய பணமாக இருந்தால் எனக்கென்ன, மழைக்கு ஒதுங்க ஒரு கூரை கிடைக்கிறதே’ என்பது அவர்கள் நிலை. அவர்களைப் பார்த்து ‘பொறு, நல்ல வீடு வரும்’ என்று சொல்வது லேசான காரியம் இல்லை. சண்டை இழுத்துக்கொண்டே போனது. விலையைக் குறைத்தார்கள், எண்ணிக்கையைக் குறைத்தார்கள். கடைசியில் அரசாங்கம் கல்வீடு பக்கமே திரும்பியது. அந்த 65,000 பொருத்து வீடுகள் வரவே இல்லை. இந்த இழுபறியில் கொட்டகையிலேயே கழிந்த வருடங்களை எந்தப் பட்ஜெட்டில் எழுதுவது?

* * *

இப்போது நம் ஒரகடம் சாலைக்குத் திரும்புவோம்.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில், 2024 ஆகஸ்ட்டில் தொழிலாளர்களுக்கான மாபெரும் தங்கும் விடுதி ஒன்று திறக்கப்பட்டது. சிப்காட் கட்டியது. 13 பிளாக்குகள், 18,720 படுக்கைகள், ஓர் அறைக்கு ஆறு பேர். பெரும்பாலும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்களுக்காக. இந்த விடுதிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கத்து விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டுப்போய், 150-க்கு மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆத்திரம் சாலை மறியலாக வெடித்து, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையே ஸ்தம்பித்தது. தொழிலாளிக்கு எங்கே படுக்கை, எப்படிச் சாப்பாடு என்பதை நாடு திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

வல்லம் வடகால் விடுதியின் செலவு 706.50 கோடி ரூபாய். 18,720-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு படுக்கைக்குச் சுமார் 3 லட்சத்து 77 ஆயிரம்! வீட்டுக்கு அல்ல, படுக்கைக்கு!

இன்னொரு எண்ணை இதன் பக்கத்தில் வைப்போம். தமிழக அரசு 2024-ல் அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில், 360 சதுர அடி வீடு ஒன்றுக்குக் கிடைக்கும் தொகை மூன்றரை லட்சம். ஒரு முழு வீட்டுக்கு அரசு தரும் பணத்தைவிட, விடுதியில் ஒரு கட்டிலின் அடக்கம் அதிகம்! யாராவது தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார்களா? இல்லை. விடுதிக் கணக்கில் பத்து மாடிக்கான அஸ்திவாரம், தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், சமையல்கூடம், தீயணைப்பு எல்லாம் உள்ளே வந்துவிட்டன. அது முழுச் செலவு. வீட்டுத் திட்டத்தில் மனை உரியவருடையது. குறையும் பணத்துக்கு அவர்தான் பொறுப்பு. அது உதவித் தொகை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் எங்கேயும் ஆவியாகிப் போவதில்லை. யாரோ ஒருவர் சட்டைப் பையிலிருந்து போகிறது.

நடுவில் ஒரு கணக்கு: பெரும்பாக்கம் பக்கத்தில் நூக்கம்பாளையத்தில், முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பாகங்களைப் பொருத்திக் கட்டிய 1,152 வீடுகள். மத்திய அரசின் ‘லைட் ஹவுஸ்’ திட்டம். 2021 ஜனவரி முதல் தேதி அடிக்கல், 2022 மே மாதம் திறப்பு. 116 கோடி. வீட்டுக்குச் சுமார் பத்து லட்சம். பொருத்தும் முறையில் நிஜமான லாபம் எது என்பதை இது காட்டிவிடுகிறது... வேகம்! ஒரே மாதிரி ஆயிரம் வீடு கட்டினால் நேரம் மிச்சம். ஒற்றை மனையில் ஒற்றை வீடு வைப்பவருக்கு அந்த ‘ஆயிரம்’ என்ற அனுகூலம் கிடையாது.

* * *

சரி, ஒரு தொழிலாளி பத்து வருட சேமிப்போடு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு சின்ன மனையில் 400 சதுர அடி ஃபேக்டரி வீடு வைக்கலாம் என்று பார்க்கிறார். விளம்பரத்தில் வீட்டின் விலை ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். (சும்மா ஓர் உதாரணத்துக்கு. விலை ஆளுக்கு ஆள், பொருளுக்குப் பொருள் மாறும்.) சியர்ஸும் லஸ்ட்ரானும் நமக்குக் கற்றுக்கொடுத்ததை வைத்துப் பட்டியல் போடுவோம்.

முதலில் மண். மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா? 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டதும், புறநகரில் எத்தனை பேர் முழி பிதுங்கினார்கள் என்பது ஞாபகம் இருக்கலாம். பட்டா, வில்லங்கம் பார்ப்பது முதல் செலவு. பத்திரம் பதிய முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். மனை 15 லட்சம் என்றால் இதுவே 1,35,000.

அடுத்து, தரை. செங்கல்பட்டு பழைய ஏரி மாவட்டம். தாழ்வான மனை என்றால் லோடு லோடாக மண் அடிக்க வேண்டும். அப்புறம் கடைக்கால், பேஸ்மட்டம். ‘லேசான வீடுதானே, நாலு கல் வைத்து நிறுத்திவிடலாம்’ என்று யாராவது சொன்னால், 2016 டிசம்பர் வர்தா புயலை நினைத்துக்கொள்ளவும். லேசான வீட்டுக்குத்தான் தரையோடு இறுக்கிப் பிடிக்கும் பிடிமானம் அதிகம் தேவை.

மூன்றாவது, பயணம். டிரெய்லர் வாடகை, கிரேன் வாடகை. உங்கள் தெருவில் டிரெய்லர் திரும்புமா? குறுக்கே மின்கம்பி போகிறதா? இதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்தால், வீடு மெயின் ரோட்டிலேயே நிற்கும், கிரேன் மீட்டர் ஓடும்!

நான்காவது, வரி. ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்துகொண்டு இன்னொரு ஜி.எஸ்.டி.யை மறக்கலாமா? ஃபேக்டரியில் தயாரான வீடு, வரித்துறையின் பார்வையில் ஒரு சரக்கு. முழு விலைக்கும் 18 சதவிகிதம். ஆறு லட்சத்துக்கு 1,08,000. ஆனால், நீங்களே சாமான் வாங்கிக் கொடுத்து, தனி வீட்டுக்கு மேஸ்திரியிடம் கூலி மட்டும் பேசினால், அந்தக் கூலிக்கு வரிவிலக்கு உண்டு. ஃபேக்டரி மிச்சப்படுத்தும் பணத்தில் ஒரு பங்கு இங்கேயே கரைந்துவிடுகிறது.

ஐந்தாவது, இணைப்புகள். போர், செப்டிக் டேங்க், மின் இணைப்பு. வீடு செங்கல்லா இரும்பா என்று பூமிக்கு அடியில் இருக்கும் தண்ணீருக்குத் தெரியாது. எந்த வீடானாலும் அதே செலவுதான். வீடு சின்னதாக இருப்பதால் இதெல்லாம் பாதியாகிவிடாது. அதனால்தான் சின்ன வீட்டில் சதுர அடிக் கணக்கு எகிறுகிறது.

ஆறாவது, அனுமதி. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில், 3,500 சதுர அடி வரை வீட்டுக்கு, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கும் வசதி 2024 ஜூலையில் வந்தது. நல்ல விஷயம். கட்டணம் உண்டு, ஊருக்கு ஊர் மாறும்.

ஏழாவது, கடன். லஸ்ட்ரானை முடக்கிய அதே கேள்வி இங்கேயும் வரும். தரையோடு பிணைத்துப் பத்திரத்தோடு இருக்கும் கட்டடத்துக்குத்தான் வங்கி முகம் மலரும். தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டி என்றால் பெரும்பாலும் தயங்கும். பிறகு அதிக வட்டிக்குப் பர்சனல் லோன்தான். ஆகவே, முதலில் வங்கியைக் கேளுங்கள், அப்புறம் ஃபேக்டரிக்குப் போங்கள்.

எட்டாவது, வெயில். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் தார்ஷீட் கொட்டகைகளில் தங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், பகலில் உள்ளே கால் வைக்க முடியாது என்று. தகட்டு வீட்டுக்கு நடுவில் பஃப் பொதிந்த நல்ல பேனல் வேண்டும், இல்லாவிட்டால் மாதாமாதம் ஏ.சி. பில் கட்ட வேண்டும். வாங்கும்போது மிச்சம் பிடித்தது, இருபது வருட கரன்ட் பில்லில் வட்டியோடு போய்விடும்.

கூட்டிப் பாருங்கள். ஆறு லட்சம் என்பது அந்த வீட்டின் விலை. அதில் குடியேறும் செலவு வேறொரு எண். மனையைச் சேர்க்காமலேயே விளம்பர விலைக்கு மேல் கணிசமாகப் போகும்.

ஃபேக்டரி வீடே வேண்டாம் என்கிறோமா? நிச்சயமாக இல்லை. வாடகை கொடுத்துக்கொண்டே வீடு கட்டுகிறவருக்கு ஆறு மாதம் மிச்சமானால் ஆறு மாத வாடகை மிச்சம். மேஸ்திரி பாதியில் ஓடிவிடும் பயம் இல்லை. பின்னால் வேறு மனைக்குப் பெயர்த்துக்கொண்டு போகலாம். இதெல்லாம் நிஜமான லாபங்கள், பட்ஜெட்டில் அந்தப் பக்கம் எழுதவேண்டியவை. ஆனால், இரண்டு பக்கமும் எழுதிய பிறகுதானே கூட்ட முடியும்?

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்று சொன்னவர்கள் வீட்டை வாங்கிப்பார் என்று சொல்லவில்லை. வாங்குவதில் சிரமமே இல்லை, பணத்தைக் கொடுத்தால் வந்து இறங்கிவிடும். அட்வான்ஸை நீட்டும் முன் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘மனையைத் தவிர, அடுப்பில் பால் பொங்கும் நாள் வரைக்கும் மொத்தம் எவ்வளவு? எழுதிக் கொடுங்க!’

எழுதிக் கொடுத்தால் நல்ல வியாபாரி. தலையைச் சொறிந்தால், பேனாவை வாங்கி நீங்களே எழுத ஆரம்பியுங்கள். பட்டியலின் முதல் வரி வீடு அல்ல, மண்!